துயருறுவோர்க்குச் செவிகொடுப்போர்



ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நம் பங்கின் கல்லறைத் தோட்டம் விடியுமுன்பே நிரம்பிவிடும். சுண்ணாம்பு பூசிய கல்லறைகள், சாமந்தி மாலைகள், மெழுகுவர்த்திகள், ஊதுவத்திப் புகை; வெளியூரில் வேலைசெய்யும் பிள்ளைகளும் அன்று வந்து சேர்வர். குருவானவர் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாகச் செல்வார். கூட்டம் கலைந்து, வெயில் ஏறிய பிறகு, ஒரு மூதாட்டி மட்டும் தனியே வருவார். அவர் செல்லும் இடம் நல்ல வரிசைகளில் ஒன்றன்று. தோட்டத்தின் தென்மேற்கு மூலையில், முள்வேலியை ஒட்டி, சிலுவையோ பெயரோ இல்லாத ஒரு மண்மேடு. அங்கே ஒரே ஒரு மெழுகுவர்த்தியை நட்டுவைத்து, வந்த வழியே திரும்பிவிடுவார்.

நாம் இப்பங்கிற்கு வந்த முதலாண்டில் இதைக் கவனித்து உபதேசியாரிடம் வினவினோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது அவங்க பெரிய பையன் சாமி. எழுபத்தி நாலுலே, தானே உயிரை விட்டுட்டான். அப்போ உள்ளே வைக்க விடலே" என்றார்.

மறு ஆண்டு அந்த அம்மாள் வரும்வரை காத்திருந்தோம். நம்மைக் கண்டதும் குற்றம் செய்து அகப்பட்டவர்போல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். செபம் சொல்லி முடித்தபின், நாற்பதாண்டுகளுக்கும் மேலாக யாரிடமும் கேட்கத் துணியாத ஒரு கேள்வியை அவர் நம்மிடம் கேட்டார். "சாமி, என் பிள்ளை இப்போ எங்கே இருப்பான்?"

அக்கேள்விக்குத் திருச்சபை இன்று கூறும் விடையை முதலில் சொல்லிவிடுவது நலம். ஏனெனில் நம் இல்லங்களில் இன்னமும் பலர் பழைய விடையையே உள்ளத்தில் சுமந்துகொண்டு வாடுகின்றனர். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தம் உயிரைப் போக்கிக்கொண்டோர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. அன்றுங்கூட, அறிவு கலங்கிய நிலையில் செய்தோரைப் பற்றி ஐயம் எழுந்தால் மறுக்கலாகாது என்பதே குருக்களுக்குப் புகட்டப்பட்ட பாடம். ஆயினும் ஊரார் வாயில் சட்டம் எப்பொழுதும் கடினமாகவே நிற்கும். 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய சட்டத் தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் இவர்கள் இடம்பெறவில்லை. 1992-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. உயிர் இறைவனுடையது, அதை அழிக்க நமக்கு உரிமையில்லை என்று அது தெளிவாகவே கற்பிக்கின்றது. அதே மூச்சில், கடுமையான மனநோயும் வேதனையும் பேரச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இவ்வாறு இறந்தோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகின்றது என்றும் கூறுகின்றது. இறைவன் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களை அணுக வல்லவர் என்பது அதன் கருத்து.

இதை அந்த அம்மாளுக்கு எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவன் பேர்லே பூசை வைக்கலாமா சாமி?" என்றார். நாற்பதாண்டுகளில் அவர் மகனுக்காக ஒரு திருப்பலிகூட ஒப்புக்கொடுக்கப்படவில்லை! சட்டம் மாறிய செய்தி உரோமையிலிருந்து ஒரு முள்வேலிவரை வந்து சேர இத்தனை காலம் பிடித்தது. அதில் நம்போன்ற மேய்ப்பர்களின் பங்கு சிறிதன்று.

நம் அண்டையில் ஓர் எண்ணிக்கை

இச்செய்தி எங்கோ ஒரு மூலையில் நிகழ்வதன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் தமிழ்நாட்டினர் 19,834 பேர். நாளொன்றுக்கு ஐம்பத்துநான்கு பேர் என்று கொள்ளலாம். மாநிலங்களுள் மராட்டியத்திற்கு அடுத்த இடம் நமது. இதுவும் காவல் நிலையத்தில் பதிவான கணக்குத்தான்.

பதிவாகாதவை எவ்வளவு? இதற்கு விடை தேட வேண்டுமாயின் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கலசப்பாக்கத்திலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் பேருந்து கணியம்பாடியைக் கடந்தே செல்கின்றது. அந்தக் கணியம்பாடி ஒன்றியத்தில், இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் சிற்றூர்களில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றது. ஊர்தோறும் ஒரு நலப் பணியாளர். பெரும்பாலும் அவ்வூரிலேயே வாழும் பெண்மணி. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அவர் சென்று துக்கம் விசாரிப்பார். பின்னர்ச் செவிலியரும் மருத்துவரும் சென்று, இறப்பின் காரணத்தைக் குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டறிந்து பதிவு செய்வர். தண்டனைக்கோ வழக்குக்கோ அஞ்ச வேண்டியதில்லையாதலால் மக்கள் உண்மையைக் கூறினர்.

அவ்வாறு தொகுத்த கணக்கு மருத்துவ உலகையே திடுக்கிடச் செய்தது. 1994 முதல் 1999 வரை அவ்வொன்றியத்தில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருக்குச் சராசரியாக 95 பேர் இவ்வாறு இறந்திருந்தனர். அதே காலத்தில் நாடு முழுமைக்குமான அரசுக் கணக்கு இலட்சத்துக்குப் பத்து, பதினொன்று என்ற அளவிலேயே நின்றது. 1992 முதல் 2001 வரை பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோரை மட்டும் தனியே ஆராய்ந்தபோது, பெண் பிள்ளைகளில் இலட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58 என்ற கணக்குக் கிடைத்தது. 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. இந்த எண்களைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பேருந்துச் சன்னலோரம் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டே நாம் பலமுறை கடந்து சென்ற ஊர்கள் அவை.

ஏன் இவ்வாறு? ஒற்றைக் காரணத்தைத் தேடுவோர் ஏமாந்துபோவர். 'காதல் தோல்வி', 'வயிற்றுவலி', 'கடன் தொல்லை' என்று நாளேடுகள் ஒரு சொல்லில் எழுதிவிடுகின்றன. உண்மையில் பல நூல்கள் ஒன்றாக முறுக்கேறும்போதே கயிறு இறுகுகின்றது. பல நாளாக உறக்கமில்லாமை, மருத்துவம் பெறாத மனச்சோர்வு, குடிப்பழக்கம், ஓயாத குடும்பச் சண்டை, தீராத உடல் நோய், மானம் போயிற்று என்னும் எண்ணம். இவற்றின்மேல் ஒருநாள் ஒரு சிறு சம்பவம் வந்து விழுகின்றது. ஊரார் அச்சம்பவத்தை மட்டுமே காண்கின்றனர்.

நம் பகுதியில் தறிவேலையை எண்ணிப் பாருங்கள். ஆரணிப் பட்டு என்று நாடெங்கும் பெயர் பெற்ற புடவையை நெய்பவன், பெரும்பாலும் தனக்கென்று நெய்வதில்லை. பாவும் ஊடையும் சரிகையும் முதலாளி கொடுப்பது, நெய்பவனுக்குக் கூலி. கலியாணத்துக்கோ பிரசவத்துக்கோ வாங்கிய முன்பணம் கூலியில் கழிந்துகொண்டே இருக்கும். கழிந்து முடியுமுன் அடுத்த செலவு வந்துவிடும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊற்று நீர் கசிந்து ஏறினால் வாரக்கணக்கில் தறி நிற்கும். தார் சுற்றும் மனைவியின் கையும் நிற்கும். வாரந்தோறும் மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய நாள் மட்டும் நிற்காது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலுங்கு நாட்டுச் சிரிசில்லாவில் விசைத்தறி நெசவாளர்கள் அடுத்தடுத்து உயிர் துறந்த செய்தியை முதியோர் நினைவில் வைத்திருக்கலாம். வறுமை மட்டுமே காரணமென்றால் ஏழைகள் யாவரும் மாண்டிருக்க வேண்டும், அவ்வாறில்லை. ஆயினும் கூலியும் கடனும் மனநலத்தோடு தொடர்பற்றவை என்று சொல்பவர் தறிக்குழியில் ஒருநாளும் கால் வைத்தவரல்லர்.

'இரண்டு நிமிடம்'

இனி, நம் குற்றமொன்றை இங்கே வெளிப்படையாக அறிக்கையிட வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைவேளை, பங்கைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் குருமனைத் தாழ்வாரத்தில் வந்து நின்றார். "சாமி, ரெண்டு நிமிஷம் பேசணும்" என்றார். நாம் அப்போது கணக்குப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, மறுநாள் அனுப்ப வேண்டிய அறிக்கைக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். பணம் கேட்க வந்திருப்பார் என்றே எண்ணினோம். "ஞாயிற்றுக்கிழமை பூசைக்கப்புறம் வாப்பா, நிதானமாப் பேசலாம்" என்று சொல்லியனுப்பினோம். அவர் சற்று நின்று, "சரிங்க சாமி" என்று குடையை விரித்தார்.

ஞாயிறன்று அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவே அவர் உயிர் ஊசலாடும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். அவர் மனைவி தக்க நேரத்தில் கண்டு கூக்குரலிட்டதாலும், அண்டை வீட்டுப் பிள்ளைகள் நள்ளிரவில் வண்டி பிடித்து ஓடியதாலும் பிழைத்தார். இறைவனுக்கு நன்றி. குடும்பத்தார் மருத்துவரிடம், இருட்டில் தெரியாமல் நேர்ந்துவிட்டது என்று கூறினர். காவல் நிலையம், வழக்கு என்ற அச்சம்.

வீடு திரும்பியபின் அவரைக் காணச் சென்றோம். தறியருகே பாயில் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் கூறியதை அப்படியே தருகிறோம்: "பணம் கேக்க வரலீங்க சாமி. கொஞ்சம் பேசினா போதும்னுதான் வந்தேன். பேசியிருந்தா அன்னிக்குத் தூங்கியிருப்பேன்."

அதன்பின் பலநாள் நமக்கும் உறக்கமில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் கற்றோம். பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறையையும் கற்றோம். பாவத்தைக் கேட்கப் பழகிய காது துயரத்தைக் கேட்கப் பழகவில்லை என்பதை ஒரு நெசவாளர் நமக்குக் கற்பித்தார்.

அப்போதுதான் அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தோம். கார்மேல் மலையில் அத்தனை வெற்றி கண்ட எலியா, சில நாள்களுக்குள் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, 'போதும்' என்று சாவை வேண்டுகின்றார். ஆண்டவருடைய தூதர் வந்து அவரைக் கடிந்தாரா? நம்பிக்கையின்மை பாவமென்று பிரசங்கித்தாரா? இல்லை. தட்டி எழுப்பி, சுடப்பட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். மறுபடி உறங்கவிட்டார். மறுபடியும் எழுப்பி உணவு தந்து, வழி நெடியது என்றார். அறிவுரை பின்னால் வந்தது. நாமோ பெரும்பாலும் அறிவுரையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். "நம்பிக்கையோடு செபி, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. செபம் வேண்டும், ஆனால் காய்ச்சல் வந்த பிள்ளைக்குச் செபமும் சொல்லி மருந்தும் கொடுக்கும் தாய், மனம் நோயுற்ற பிள்ளைக்கு மட்டும் மருந்தை ஏன் மறுக்கிறாள்?

ஒரு குருவும் சில தேநீர்க் கோப்பைகளும்

1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கத் திருப்பணியாளர் தம் முதல் அடக்கச் சடங்கை நிறைவேற்றினார். இறந்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. பூப்பெய்தியதன் அடையாளத்தைக் கண்டு, தனக்கு ஏதோ வெட்கக்கேடான கொடிய நோய் வந்துவிட்டதென்று அஞ்சி, யாரிடமும் கேட்க வழியின்றித் தன் உயிரைப் போக்கிக்கொண்டாள். அக்குழியருகே நின்றபோது எழுந்த வேதனையை அவர் மறக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின், இலண்டன் நகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில் பணியேற்றதும், மனம் நொந்தோர் எந்நேரமும் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசியை வைத்தார். முதல் அழைப்பு வந்த நாள் 1953 நவம்பர் 2. கல்லறைத் திருநாள்!

அடுத்து நடந்தது இன்னும் சிறப்பானது. பலர் நேரிலும் வரத் தொடங்கினர். வந்தோர் குருவுக்காகக் காத்திருக்கையில், உதவிக்கு வந்திருந்த சாதாரண மக்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தனர். அவ்வாறு பேசியவர்களுள் பலர், 'இனிக் குருவைக் காண வேண்டியதில்லை' என்று மனம் தேறிச் சென்றதை வாரா கண்டார். தம் அறிவுரையைவிட அவர்களது செவி பெரிதென உணர்ந்து, 1954-இல் அப்பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். இதுவே 'சமாரித்தர்' இயக்கம் பிறந்த வரலாறு. குருவானவர் ஒருவர் தம்மைவிடப் பொதுநிலையினர் ஒரு பணியைச் சிறப்பாகச் செய்வர் என்று ஒப்புக்கொண்டது அரிய நிகழ்ச்சி என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

அந்த விதை நம் மண்ணிலும் விழுந்தது. இலங்கையில் 1974-ஆம் ஆண்டில் ஜோன் டி மெல் அம்மையார் 'சுமித்ராயோ' என்னும் அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் 1986-ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வை நிறுவினார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஊதியமின்றி அமர்ந்து, வருவோர் பெயரைக்கூடக் கேட்காமல், குற்றம் காணாமல், துன்பத்தைக் கேட்கின்றனர். கேட்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறிய மாணவர் ஓராண்டு முழுதும் காத்திருக்க வேண்டிய நிலை பல பிள்ளைகளை மடியச் செய்தது கண்டு, உடனடித் துணைத்தேர்வு வேண்டுமென்று அரசிடம் வாதாடினர். இன்று முடிவுகள் வந்த சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி செல்ல முடிகின்றதென்றால், அதில் இவர்களது உழைப்பும் உண்டு.

நச்சு மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். மனம் உடைந்த அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கின்றது. அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையெனில், பலர் பிழைத்துக்கொள்கின்றனர். பிழைத்தோருள் மிகப் பெரும்பாலோர் பின்னர் நெடுநாள் வாழ்கின்றனர். இலங்கை இதற்குச் சான்று. 1995-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இலட்சத்துக்கு 47 பேர் இவ்வாறு மாண்டனர்; உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் கெட்டுவிடும் என்று அஞ்சினர். நெல் விளைச்சல் அதனால் குறையவில்லையென்று ஆய்வுகள் காட்டின. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சினேகா வேறொரு முயற்சி செய்தது. இரு சிற்றூர்களில், உழவர்கள் தம் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டிய தனித்தனிப் பெட்டகங்களில் வைத்துக்கொள்ளச் செய்தனர். தேவையானபோது சென்று எடுத்து வரலாம். அவ்வூர்களில் இறப்பு குறைந்த செய்தி 2013-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. செலவு அதிகமில்லை. பெட்டி, பூட்டு, சாவி. சாவியைப் பொறுப்போடு காக்க ஒருவர்.

நம் வீடுகளில் அம்மருந்து எங்கே இருக்கிறது? வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் கண்டிருக்கிறோம். சுவாமி படத்துக்கு நேர்கீழே, சமையல் உப்புக்குப் பக்கத்தில்!

சட்டமும் மருத்துவமும்

அந்த நெசவாளர் குடும்பம் அஞ்சிய வழக்கைப் பற்றியும் தெளிவு வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்படி, உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறை விதிக்கலாம் என்றிருந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாதென்றது, 1996-இல் செல்லுமென்றது. பின்னர் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்து, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நியாயச் சட்டத் தொகுப்பில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைத் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ வற்புறுத்தவோ அவ்வாறு முயல்வது மட்டுமே குற்றமாக நிற்கின்றது. ஆகவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் உடலுக்கு மட்டும் மருத்துவம் கிடைக்கும், மனத்துக்குக் கிடைக்காது, சில மாதங்களில் மீண்டும் அதே நிலை வரக்கூடும். பிழைத்து வந்த ஆறு மாதம், ஓராண்டுக் காலமே மிகவும் கவனிக்க வேண்டிய காலம்.

மனநல மருத்துவமனை என்றதும் சங்கிலியையும் கம்பிக்கதவையும் நினைத்து அஞ்சுவோர் உளர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் மாண்டதை எவர் மறப்பர்? ஆனால் நம் அருகே வேலூர் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையம் 1950-களின் இறுதியிலிருந்தே வேறொரு வழியைக் கைக்கொண்டு வந்துள்ளது. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் உடன் தங்குகின்றனர். சமைத்துக் கொடுத்து, நோயின் தன்மையைக் கற்றறிந்து, வீடு திரும்பியபின் எவ்வாறு நடந்துகொள்வதென்று தெரிந்துகொண்டு செல்கின்றனர். குடும்பத்தை வெளியே நிறுத்தாத மருத்துவம் இது. அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே இலவச மருத்துவம் கிடைக்கின்றது. மனச்சோர்வுக்கான மருந்து ஓரிரு நாளில் பயன் தராது. சில வாரங்கள் ஆகும். 'பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்திவிட வேண்டாம்.

தொலைபேசியிலும் உதவி உண்டு. நடுவண் அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவையைத் தமிழக அரசு 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரில் நடத்துகின்றது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. இவ்விரண்டையும் செப வழிபாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டாருக்குத் தேவைப்படலாம்.

நம் பங்கில் செய்தது

நெசவாளர் நிகழ்ச்சிக்குப் பிறகு, மரியாயின் சேனையிலிருந்து இருவர், வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், செவிலியராகப் பணிபுரியும் ஓர் இளம்பெண், கணவனை இழந்த தார் சுற்றும் அம்மாள் ஒருவர் என அறுவர் சேர்ந்தனர். மனநல மருத்துவர் ஒருவர் இரண்டு நாள் வந்து பயிற்சி தந்தார். அவர் கற்பித்தவற்றுள் ஒன்று நம்மை வியப்பில் ஆழ்த்தியது. 'சாக வேண்டுமென்ற எண்ணம் வருகிறதா?' என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை ஊட்டியது ஆகாதா என்று நாம் வினவினோம். ஆகாது என்றார். அன்போடு நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. மூடி வைத்த பானையின் மூடியைத் திறந்தாற்போல், கேட்கப்பட்டவர் பெருமூச்சு விடுகிறார். 'ஆம்' என்ற விடை வந்தால் அவரைத் தனியே விடலாகாது. நஞ்சையும் கருவியையும் அப்புறப்படுத்த வேண்டும். உடன் ஒருவர் இருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சனிக்கிழமை மாலைதோறும் பள்ளிக்கூட அறையொன்றில் விளக்கேற்றி, தேநீர் வைத்துக்கொண்டு அறுவரும் காத்திருந்தனர். ஒரு மாதம் ஒருவரும் வரவில்லை! அறையின் வாயில் தெருவைப் பார்த்திருந்தது; உள்ளே நுழைபவரை ஊரே பார்க்கும். அந்த அம்மாள்தான் வழி சொன்னார்: "அவங்க வரமாட்டாங்க சாமி. நாமதான் தறிக்கிட்ட போய் உக்காரணும்." அதன்படி வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். நெய்பவரின் கை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு தானாக வரும். நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து வராத சொல் தறியருகே வந்தது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். அறுவருள் ஒருவர் தாம் கேட்டதை வீட்டில் சொல்லிவிட்டார். அது மூன்று தெரு தாண்டிச் சென்று, உரியவரின் காதுக்கே திரும்பி வந்தது. அவரை விலகுமாறு கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பாவசங்கீர்த்தன இரகசியம் குருவுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட்டோம். கேட்டதைக் காப்பது கேட்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையென்று முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மீண்டும் நம்பிக்கை வர ஓராண்டு ஆயிற்று.

நம் இளையோர் இன்னும் வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை தறியருகே பேசாது. அது கைப்பேசியோடு மாடியில் இருக்கும். கணியம்பாடிக் கணக்கில் மிகுதியாக மாண்டவர்கள் இவ்வயதுப் பெண் பிள்ளைகளே என்பது நினைவில் உறுத்துகின்றது. செவிலியராகிய இளம்பெண் இப்போது மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் மூத்த பெண் பிள்ளைகளோடு அரைமணி நேரம் இருக்கிறார். குருவுக்கு அங்கே அனுமதியில்லை என்று நமக்குக் கட்டளை. கீழ்ப்படிகிறோம்.

அந்த நெசவாளர் இன்றும் நெய்கிறார். மாதமொருமுறை மருந்துக்காகச் சென்று வருகிறார். சென்ற மழைக்காலத்தில் அவர் தறிக்குழியில் தண்ணீர் ஏறியபோது, இளையோர் நால்வர் மோட்டார் வைத்து இறைத்தனர்; நாமும் ஒரு வாளி எடுத்தோம்; பயனிருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று இரண்டு மணி நேரம் அங்கிருந்தோம்.

மூலையிலிருந்த மண்மேட்டுக்கு இப்போது சிலுவை உண்டு. முள்வேலியைப் பிடுங்கி இரண்டு அடி வெளியே தள்ளி நட்டார்கள். உபதேசியார்தான் முதல் கம்பத்தைப் பிடுங்கியவர். சென்ற கல்லறைத் திருநாளில் அந்த அம்மாளால் நடக்க இயலவில்லை. பேரன் ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தான். கூட்டம் கலையும்வரை அவர் காத்திருக்கவில்லை. எல்லோரும் நின்றிருந்தபோதே வந்தார்.

— உங்கள் பங்குத்தந்தை